மதகும் மாத்திரையும்: எடை குறைக்கும் ஊசி போடுபவர்களுக்கு அவசரக் கருத்தடை பற்றி

கும்பகோணத்தில் என் மருந்துக்கடையில் இரண்டு பொருள்கள் எதிரெதிர் மூலையில் இருக்கும். எடை குறைக்கும் ஊசி குளிர்பெட்டியில், 2 முதல் 8 டிகிரிக்குள். அவசரக் கருத்தடை மாத்திரை மேசைக்கு அடியில் உள்ள இழுப்பறையில். ஊசியைக் கேட்பவர்கள் இப்போதெல்லாம் சத்தமாகவே கேட்கிறார்கள், அதில் ஒரு பெருமைகூட உண்டு. மாத்திரை கேட்க வந்தவர்கள், கடையில் நிற்கும் ஆண்கள் போகும்வரை வாசலில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, ஊசி வாங்குகிற வாடிக்கையாளர் ஒருவரே வாசலில் அப்படி நின்றார். திருவிடைமருதூர்ப் பக்கம் ஊர். வாராவாரம் ஐஸ் பொட்டலம் வைத்த டப்பாவோடு வருவார். அன்று டப்பா இல்லை. கடை காலியானதும் உள்ளே வந்தார்.

"அக்கா, அந்த அவசர மாத்திரை இருக்கா? நேத்து ராத்திரி உறை கிழிஞ்சுபோச்சு."

எடுத்து நீட்டப் போனவள் பாதியில் நின்றேன். "ஊசி கடைசியா எப்ப போட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை. அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு. ஆனால் பலரும் நினைக்கிற இடத்தில் இல்லை. ஊசி மருந்தும் மாத்திரையும் ரத்தத்தில் சந்தித்துச் சண்டை போடுவதில்லை. ஒன்றை ஒன்று முறிப்பதும் இல்லை. விஷயம் வயிற்றில் இருக்கிறது, வாந்தியில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக உடல் எடையில் இருக்கிறது.

முதலில் அந்த மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம். நம் பக்கத்துக் கடைகளில் அவசர மாத்திரை என்றால் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம்தான். ஐ-பில், அன்வாண்டட்-72 எல்லாம் இதுவே. ஆஷா பணியாளர்கள் மூலம் அரசு வழங்கும் ஈசி பில்லும் இதுதான். உறவு முடிந்து 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு மாத்திரை. எவ்வளவு சீக்கிரம் விழுங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

இது என்ன செய்கிறது? சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியே வருவதைச் சில நாள் தள்ளிப்போடுகிறது. அவ்வளவுதான். உள்ளே வந்த விந்தணு காத்திருந்து காத்திருந்து செயலிழந்துவிடும். முட்டை ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால் இந்த மாத்திரையால் செய்வதற்கு அதிகம் இல்லை. கரு தங்கிவிட்டிருந்தால் அதைக் கலைக்காது, கெடுக்காது. கருக்கலைப்பு மாத்திரை வேறு. அது மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டியது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, "பாவமான மாத்திரை" என்று காதில் கிசுகிசுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரர்களிலேயே அப்படி நினைப்பவர்கள் உண்டு என்பதுதான் வருத்தம்.

சரி, ஊசிக்கு வருவோம்.

ஷட்டரை இறக்கும் மருந்து

எடை குறைக்க இன்று பேசப்படும் ஊசிகள் பெரும்பாலும் ஒரே குடும்பம். செமாகுளூடைடு வாரம் ஒரு முறை போடுவது. வெகோவி, ஒசெம்பிக் என்ற பெயர்களில் வருகிறது. ரைபெல்சஸ் அதே மருந்தின் மாத்திரை வடிவம். டிர்செபடைடு, அதாவது மௌஞ்சாரோ, 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. இதுவும் வாராந்திர ஊசி. லிராகுளூடைடு தினமும் போடுவது. செமாகுளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான் என்பதால், ஒரே மருந்துக்குப் பத்துப் பெயர் வரும் காலம் இது. எனவே பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தச் சின்ன எழுத்தைப் பொறுத்தது.

இந்த மருந்துகள் பசியைக் குறைக்கின்றன. கூடவே இரைப்பை காலியாகும் வேகத்தையும் குறைக்கின்றன. "நேத்து சாப்பிட்ட இட்லி இன்னும் வயித்துல கல்லா கெடக்கு" என்று புதிதாக ஊசி தொடங்கியவர்கள் சொல்வதில் மிகை கொஞ்சம் இருந்தாலும் உண்மை நிறையவே இருக்கிறது.

இதை டெல்டாக்காரர்களுக்குப் புரியவைக்க நான் படம் எதுவும் வரைவதில்லை. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் மறுநாளே நாகப்பட்டினத்துக் கடைமடை வயல் நனைந்துவிடுமா? கல்லணைக்கு வந்து சேரவே சில நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்க வேண்டும். நாம் விழுங்கும் மாத்திரையும் அப்படித்தான். இரைப்பை ஒரு தேக்கம். அதன் அடியில் ஒரு மதகு. மாத்திரை உடம்பில் சேர்வது இரைப்பையில் இல்லை, மதகைத் தாண்டி இருக்கும் சிறுகுடலில். இந்த ஊசிகள் அந்த மதகின் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகின்றன.

ஷட்டரைப் பாதி இறக்கினால் என்ன ஆகும்? தண்ணீர் காணாமல் போய்விடாது. மெதுவாக, அதிக நேரம் ஓடும். நாள் முடிவில் கணக்குப் பார்த்தால் மொத்தத் தண்ணீர் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் வாய்க்காலில் மட்டம் ஏறாது. பள்ளத்து வயலுக்கு அது போதும். மேட்டு வயலுக்கு, மட்டம் ஒரு தடவையாவது நன்றாக ஏறினால்தான் மடையில் தண்ணீர் ஏறும். மருந்தியலில் இந்த இரண்டையும் தனித்தனியாக அளப்பார்கள்: ரத்தத்தில் மருந்து தொட்ட உச்சம் எவ்வளவு, மொத்தம் சேர்ந்தது எவ்வளவு.

டிர்செபடைடு 5 மில்லிகிராம் ஒரே ஊசி போட்ட பிறகு, வழக்கமான கருத்தடை மாத்திரை ஒன்றைக் கொடுத்து அளந்திருக்கிறார்கள். அந்த மாத்திரையில் உள்ள இரண்டு ஹார்மோன்களில், எதினைல் எஸ்ட்ராடியாலின் உச்சம் 59 சதவீதம் குறைந்தது. நார்ஜெஸ்டிமேட்டின் உச்சம் 66 சதவீதம் குறைந்தது. உச்சத்தைத் தொடுவதும் 2.5 முதல் 4.5 மணி நேரம் தாமதமானது. மொத்த அளவோ 20 சதவீதம் சுமாருக்குத்தான் குறைந்தது. மட்டம் பாதிக்கும் கீழே, மொத்தம் ஐந்தில் நான்கு பங்கு. நம் ஷட்டர் கணக்கு அப்படியே வருகிறது, பாருங்கள்.

செமாகுளூடைடில் கதை வேறு. அதைச் சோதித்தபோது கொடுத்த மாத்திரையில் இருந்தது லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் எதினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராமும். அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையின் அளவும் இதேதான். அளவு குறையவில்லை. லிராகுளூடைடில் உச்சம் பத்துப் பதிமூன்று சதவீதம் இறங்கியது. அதனால் பெரிய கெடுதல் இல்லை என்பதே முடிவு. ஆக, "ஊசி போட்டால் மாத்திரை வேலை செய்யாது" என்று எல்லா ஊசிக்கும் ஒரே தீர்ப்புச் சொல்வது தவறு. மதகுக் கவலை முதன்மையாக டிர்செபடைடுக்கு உரியது.

அதிலும் ஒரு நுணுக்கம். இரைப்பை இப்படி மந்தமாவது முதல் ஊசிக்குப் பிறகுதான் அதிகம். போகப்போக உடம்பு பழகிக்கொள்ளும். அளவைக் கூட்டினால் மறுபடி மந்தமாகும். அதனால்தான் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2025 ஜூனில் ஒரு அறிவுரை சொன்னது. டிர்செபடைடு போட்டுக்கொண்டு தினசரிக் கருத்தடை மாத்திரையை நம்பியிருப்பவர்கள், தொடங்கியதிலிருந்து 4 வாரமும், ஒவ்வொரு முறை அளவு கூட்டும்போதும் 4 வாரமும், ஆணுறையையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் தெரியும். 2.5-இல் தொடங்கி 5, 7.5, 10, 12.5, 15 என்று நாலு வாரத்துக்கு ஒரு படியாக ஏறுபவருக்கு அந்த 4 வாரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வரும். 6 படி, 24 வாரம். அதாவது சுமார் ஆறு மாதம் இடைவிடாமல். "நாலு வாரம்தானே" என்று நினைத்து இதில் ஏமாந்துவிடக் கூடாது.

அவசர மாத்திரைக்கு இதிலிருந்து என்ன பாடம்? தினசரி மாத்திரை முறைப்பாசனம் மாதிரி. இன்று மட்டம் குறைந்தாலும் நாளை, நாளை மறுநாள் தண்ணீர் வந்து ஈடுகட்டும். அவசர மாத்திரை ஒரே தண்ணீர். அதன் அளவு தினசரி மாத்திரையில் இருப்பதைப்போல் பத்து மடங்கு என்பது உண்மைதான். ஆனால் அது முந்த வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. முட்டை வெளியேறச் சொல்லி மூளையிலிருந்து உத்தரவு கிளம்புவதற்குள் ரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும். அங்கே சில மணி நேரத் தாமதம்கூடக் கணக்கில் வரும். டிர்செபடைடையும் அவசர மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்து எத்தனை பேருக்குக் கரு தங்கியது என்று பார்த்த நேரடி ஆய்வு இல்லை. உள்ள அளவீடுகளை வைத்து, மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம் என்ற பக்கம் சாய்வதே புத்திசாலித்தனம் என்பேன்.

"அப்படின்னா இந்த வாரம் ஊசியத் தள்ளிப் போட்டுடறேன்க்கா" என்றார் அவர். எல்லோரும் சொல்வது இது. பலன் இல்லை. டிர்செபடைடு பாதியாகக் குறையவே 5 நாள் ஆகும். செமாகுளூடைடுக்கு ஒரு வாரம். வெள்ளிக்கிழமை போட்ட ஊசி உடம்பில் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 72 மணி நேரத்தில் முடிய வேண்டிய காரியத்துக்கு, அடுத்த வார ஊசியை நிறுத்துவது எப்படி உதவும்?

வாந்தி

இதைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. குமட்டலும் வாந்தியும் இந்த ஊசிகளில் சகஜம், முக்கியமாகத் தொடக்கத்திலும் அளவு கூட்டும் வாரங்களிலும். அவசர மாத்திரையும் சிலருக்குக் குமட்டும். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் அந்த மாத்திரை கணக்கில் இல்லை. உடனே இன்னொன்று போட வேண்டும். அதனால் ஊசி போடுகிறவர் வந்தால் "இரண்டு அட்டையா வாங்கி வெச்சுக்குங்க" என்று நானே சொல்வேன். வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு வாந்தி வந்தால் கடைமடைக் கிராமத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும் என்றில்லை. கொஞ்சம் கஞ்சியோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் போடலாம். விருந்துச் சாப்பாட்டைத் தவிர்க்கலாம். எண்ணெய்ப் பண்டம் இந்த ஊசிக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. ரைபெல்சஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதை வெறும் வயிற்றில் கொஞ்சம் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் வேறு எந்த மாத்திரையும் தொடக் கூடாது. அந்த அரை மணி கழித்து அவசர மாத்திரையைப் போடலாம்.

யாரும் சொல்லாத காரணம்: எடை

எல்லோரும் ஊசியைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், ஊசி எதற்காகப் போடப்படுகிறதோ அந்த எடையே பெரிய காரணம்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரை, எடை கூடியவர்களிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. 70 கிலோவுக்கு மேல், அல்லது உடல் நிறை குறியீடான பிஎம்ஐ 26-க்கு மேல் இருந்தால் அதன் பலன் குறையக்கூடும் என்கின்றன பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறிகள். பருமனான உடலில் அதே மாத்திரை கிட்டத்தட்டப் பாதி உச்சத்தைத்தான் தொடுகிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். வயல் பெரிது, தண்ணீர் அதே அளவு.

இந்த 70 கிலோ என்ற எண்ணைக் கேட்டதும் "நான் 64தான், தப்பிச்சேன்" என்று நினைப்பவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். அந்த எண் அங்கத்திய உயரத்துக்குப் பொருந்துவது. நம் பெண்களில் 155 சென்டிமீட்டர் உயரம் சாதாரணம். 1.55-ஐ 1.55-ஆல் பெருக்கினால் 2.40. அதை 26-ஆல் பெருக்கினால் 62.5. அதாவது அந்த உயரத்துக்காரர் 62.5 கிலோவிலேயே பிஎம்ஐ 26-ஐத் தொட்டுவிடுகிறார். 150 சென்டிமீட்டர் என்றால் 58.5 கிலோவிலேயே. எனவே கிலோவைப் பார்க்காதீர்கள், உயரத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள். எடை குறைப்புக்காக இந்த ஊசிகளை எழுதும் வரையறை பிஎம்ஐ 30, அல்லது சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை இருந்தால் 27. ஆக, முறைப்படி எடைக்காக ஊசி தொடங்குகிற ஒவ்வொரு பெண்ணும், முதல் ஊசி உடம்பில் ஏறும் முன்பே, அவசர மாத்திரை குறைவாகப் பலிக்கும் கூட்டத்தில்தான் இருக்கிறார். ஷட்டர் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும்.

"அப்ப ரெண்டு மாத்திரையா போட்டுக்கலாமா?" நியாயமான கேள்வி. இரண்டு போட்டால் ரத்தத்தில் அளவு ஏறுகிறது என்று தெரிந்ததால், வேறு வழியே இல்லாதபோது 3 மில்லிகிராம் கொடுக்கலாம் என்று சில வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆனால் 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனான பெண்களில் ஒரு மடங்குக்கும் இரு மடங்குக்கும் முட்டையைத் தள்ளிப்போடுவதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதனால் மருத்துவர் சொன்னால் போடுங்கள். கடையில் நின்றபடி நாமே முடிவு செய்துகொண்டு அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

நீர்க்கட்டிக்காரர்களுக்குத் தனியாக

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என்னிடம் ஊசி வாங்கும் இளம்பெண்களில் நிறையப் பேர் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்கள். பத்து வருடமாக "உனக்குக் குழந்தை தங்குறது கஷ்டம்மா" என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீட்டு வருவதால், கருத்தடை என்ற பேச்சே தங்களுக்குப் பொருந்தாது என்று இருப்பவர்கள்.

உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளியேறுவது மறுபடி சீராகிவிடும். 80 கிலோ இருந்தவர் 74 ஆனால் போதும். முதல் முட்டை வெளியேறுவது, முதல் தீட்டுக்கு இரண்டு வாரம் முன்பு நடக்கிறது. அதாவது "எனக்கு இப்ப ஒழுங்காயிருக்கு" என்று தெரிவதற்கு முன்பே கரு தங்க வாய்ப்பு வந்துவிடுகிறது. வெளிநாடுகளில் "ஒசெம்பிக் பாப்பா" என்று கேலியாகச் சொல்லும் குழந்தைகள் பலவற்றுக்கு இதுவும் காரணம். மாத்திரை தோற்றது மட்டும் இல்லை.

குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல சேதிதான், ஆனால் ஊசியோடு கூடாது. கர்ப்பத்தில் இந்த மருந்துகள் கூடாது என்பதால், கருத்தரிக்கத் திட்டமிட்டால் செமாகுளூடைடை 2 மாதம் முன்பே, டிர்செபடைடை 1 மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். தெரியாமல் தங்கிவிட்டால் பதற வேண்டாம். ஊசியை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

அப்ப என்னதான் செய்வது

காப்பர்-டி. நம் பெரியவர்கள் இன்னும் "லூப்" என்றே சொல்வார்கள். உறவுக்குப் பின் 5 நாளுக்குள் கருப்பையில் வைத்துவிட்டால், அவசரக் கருத்தடையில் இதைவிட நம்பகமானது கிடையாது. ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூடக் கரு தங்குவது அபூர்வம். இதில் இருக்கும் செம்பு விந்தணுவை அங்கேயே செயலிழக்கச் செய்கிறது. இரைப்பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எடைக்கும் சம்பந்தம் இல்லை. வாந்தி வந்தாலும் கவலை இல்லை. போர் போட்ட வயலுக்கு மேட்டூர் திறந்தால் என்ன, மூடினால் என்ன? வைத்த பிறகு, வகையைப் பொறுத்து 5 வருடமோ 10 வருடமோ அப்படியே கருத்தடையாக இருக்கும். ஊசியின் அளவு கூட்டும் ஆறு மாதமும் இதிலேயே அடங்கிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. முதல் சில மாதம் தீட்டு அதிகமாகலாம், வயிற்றை இழுத்துப் பிடிக்கலாம். உள்ளே தொற்று இருந்தால் வைக்க மாட்டார்கள். வைக்கும்போது வலிக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும். "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காது.

அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் மருத்துவமனை, கும்பகோணம் அரசுத் தலைமை மருத்துவமனை, திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரிகள் என்று கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. குடும்பநலப் பிரிவு எது என்று கேட்டுப் போகலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பயிற்சி பெற்ற செவிலியர் இருப்பார். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம். வயது வந்த பெண்ணுக்குக் கணவர் கையெழுத்து தேவை என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் அது அவர்களுடைய பழக்கம்.

ஒரு முக்கியமான விஷயம்: காப்பர்-டி வைக்கப் போகிறோம் என்பதற்காக மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. கையில் கிடைத்த மாத்திரையை முதலில் விழுங்குங்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மருத்துவர் ஊரில் இல்லை, விடுமுறை, பஸ் இல்லை என்று ஏதாவது ஆகிவிட்டால் கையில் ஒன்றாவது இருக்கட்டும். டிர்செபடைடு போட்டிருந்தாலும் சரி, 90 கிலோ இருந்தாலும் சரி, மாத்திரையே போடாமல் இருப்பதைவிடப் போடுவது மேல். பலன் குறையலாம் என்பதற்கும் பலனே இல்லை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கையில் கிடைத்தால் என்று சொன்னேன். தமிழ்நாட்டில் அதுவே ஒரு கதை. லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரையை 2005 முதல் இந்தியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம். இங்கே தடையும் இல்லை. இருந்தும் நம் மாநிலத்தில் பல கடைகளில் வைப்பதே இல்லை, வைத்திருந்தாலும் சீட்டு கேட்பார்கள். கேட்டு வந்த பெண்ணை ஏற இறங்கப் பார்க்கும் பார்வை வேறு. நான்கு கடை ஏறி இறங்குவதற்குள் அரை நாள் போய்விடும். மதகில் இழக்கும் நான்கு மணி நேரத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். கடைத்தெருவில் இழக்கும் மணி நேரங்களை எந்த ஆய்வும் அளக்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள், அவசரம் வருவதற்கு முன்பே இரண்டு அட்டை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. இதற்குக் குளிர்பெட்டிகூட வேண்டாம்.

வழக்கமான கருத்தடைக்கு வயிற்றைத் தாண்டும் வழி இன்னொன்றும் இருக்கிறது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகப் போடும் அந்தரா ஊசி. மதகுப் பிரச்சினை இதற்குக் கிடையாது. ஆனால் சிலருக்கு எடை ஏற்றிவிடும். ஒரு ஊசியால் குறைத்ததை இன்னொரு ஊசியால் ஏற்றிக்கொள்வதா என்று நீங்களும் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது.

மற்ற எடை குறைப்பு மருந்துகள்

ஆர்லிஸ்டாட் என்ற மாத்திரை சாப்பாட்டுக் கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தைச் சேரவிடாமல் வெளியேற்றுகிறது. மதகைத் தொடாது. ஆனால் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட அன்று கடுமையான பேதி ஆகலாம். அப்படி ஆகும் நாட்களில் தினசரிக் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாமல் உறையும் பயன்படுத்தச் சொல்கிறார்கள். தலைவலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் டோபிராமேட் பசியைக் குறைப்பதால் சிலருக்கு எடை இறங்கும். வெளிநாட்டில் எடை குறைப்புக் கூட்டு மருந்தாகவும் இருக்கிறது. இதன் வழி வேறு: அளவு அதிகமானால் கல்லீரலைத் தூண்டி, கருத்தடை ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிடாயின் எல்லாம் இதே ரகம், இதைவிடப் பலமாக. இவற்றில் ஏதாவது எடுப்பவர்களுக்கும் காப்பர்-டிதான் முதல் பதில்.

அப்புறம் அந்தப் பவுடர்கள். "மூலிகை, பக்கவிளைவே இல்லை, பதினைந்து நாளில் பத்துக் கிலோ." நிலாவாரை கலந்த பேதிப் பொடிகள் பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்கு மோசமானவையும் அவற்றில் உண்டு. சிபுட்ராமின் என்ற மருந்து, இதயத்துக்கு ஆபத்து என்று இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்டது. இப்படிப்பட்ட மூலிகைப் பொடிகளில் அதை ரகசியமாகக் கலப்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. பெட்டியில் சின்ன எழுத்தே இல்லாத மருந்து கருத்தடையோடு எப்படி நடந்துகொள்ளும் என்று நான் எதை வைத்துச் சொல்ல?

எடைக்கு மருந்து எழுதுபவர் கருத்தடை பற்றிக் கேட்பதில்லை. குடும்பநலப் பிரிவில் ஊசி பற்றிக் கேட்பதில்லை. எனவே நீங்களே சொல்லிவிடுங்கள். மருந்தின் பெயர், இப்போதைய அளவு, கடைசியாக அளவு கூட்டிய தேதி, கடைசி ஊசி போட்ட நாள், கடைசித் தீட்டு வந்த நாள். செல்போனில் குறித்து வைத்திருந்தால் காட்டினாலே போதும், வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால்.

திருவிடைமருதூர்க்காரர் அன்று என் கடையிலேயே தண்ணீர் வாங்கி மாத்திரையை விழுங்கினார். அவருடையது டிர்செபடைடு, 5-க்கு ஏறிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. எடையும் 70-க்கு மேல். எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் அரசு மருத்துவமனையில் காப்பர்-டி வைத்துக்கொண்டு, போகிற வழியில் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, "ஆச்சுக்கா. வலிச்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எதைச் செய்திருந்தாலும் உறவு நடந்து 3 வாரம் கழித்து ஒரு கர்ப்பச் சோதனை செய்து பார்த்துவிடுவது வழக்கம். தீட்டு 7 நாளுக்கு மேல் தள்ளிப்போனாலும் அப்படியே. நீர்க்கட்டிக்காரர்களுக்கு நாள் தள்ளுவதே வாடிக்கை என்பதால் அவர்கள் 3 வாரக் கணக்கையே பிடித்துக்கொள்ளட்டும். அந்த 3 வாரம் முடிந்து திருவிடைமருதூர்க்காரர் டப்பாவோடு வந்த அன்று, அந்த வாரத்து ஊசியும் ஒரு சோதனை அட்டையும் சேர்த்து வாங்கினார். "முதல்ல அட்டையப் பாருங்க, அப்புறமா ஊசியப் போடுங்க" என்று சொல்லி, ஐஸ் மாற்றிக் கொடுத்தேன்.